சுராங்கனிக்கு எந்த ஊர்?

பள்ளியில் இருந்து சுற்றுலா போயிருக்கிறீர்களா? சாமல்பட்டியில் இருந்து ஒகேனக்கல்லுக்கு ஒரு பேருந்து கிளம்புகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். முதல் அரைமணி நேரம் எல்லாரும் சமர்த்தாக ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பார்கள். கட்டிக் கொண்டு வந்த புளியோதரையில் பாதி காலியாகும். தர்மபுரி வருவதற்குள் கடைசி சீட்டில் ஒருவன் முன்சீட்டின் முதுகில் தட்ட ஆரம்பிப்பான். இன்னொருத்தி கை தட்டுவாள். அப்புறம் என்ன? 'சுராங்கனி' பாட்டுதான்! கண்டிப்பான கணக்கு வாத்தியார்கூட யாருக்கும் தெரியாமல் காலால் தாளம் போடுவார்.

அந்தப் பாட்டில் 'மாலு' என்று ஒரு வார்த்தை வருகிறதே... அதற்கு என்ன அர்த்தம், சொல்லுங்கள் பார்ப்போம்!

மாலதியின் செல்லப் பெயர் என்கிறீர்களா? இல்லை. சும்மா தாளத்துக்காகப் போட்ட சத்தமா? அதுவும் இல்லை. சிங்கள மொழியில் மாலு என்றால் மீன்! சுராங்கனி என்ற பெண்ணுக்கு மீன் கொண்டு வந்திருக்கும் சேதிதான் பாட்டு. இத்தனை வருடமாகக் கல்யாண வீட்டிலும், சுற்றுலாப் பேருந்திலும் மீன் வந்த சேதியைத்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக் கொண்டிருந்திருக்கிறோம்.

அர்த்தம் தெரியாமல் பாடினால் தப்பா என்று கேட்டால், ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் கேட்கும் ஊர் அது. பாதி புரிந்தும், பாதி புரியாமலும் நாலு மொழிப் பாட்டையும் பாடி வளர்கிறவர்கள் அவர்கள். ஆனால், ஒரு பாட்டின் அர்த்தம் அதைப் பாடுகிற சொந்தக்காரர்களுக்கே மறந்து போனால்? அப்படியும் நடந்திருக்கிறது. சுராங்கனியின் கையைப் பிடித்துக் கொண்டே போனால், அந்த ஊருக்கும் போய் விடலாம்.

கடல் தாண்டி வந்த பாட்டு

சுராங்கனியை நம் ஊருக்குக் கொண்டு வந்து சேர்த்தவர், ஏ.இ.மனோகரன். இலங்கைத் தமிழர். 'சிலோன் மனோகர்' என்றால் உங்கள் தாத்தா, பாட்டிக்குச் சட்டென்று தெரியும். 'பொப் இசைச் சக்கரவர்த்தி' என்று பட்டமே உண்டு அவருக்கு. ('பாப்' இசையை இலங்கையில் 'பொப்' இசை என்றுதான் எழுதுவார்கள்.) சிங்களமும், தமிழும் கலந்து அவர் பாடிய சுராங்கனி, 1970களில் தமிழ்நாட்டில் பட்டிதொட்டி எங்கும் ஒலித்தது. 1977ல் வந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அதைத் திரைப்பாட்டாக்கினார். பாடியவர்களில் ஒருவர் மலேசியா வாசுதேவன். பெயரைப் பார்த்தீர்களா? இலங்கைப் பாட்டை, மலேசியாவில் பிறந்தவர், நம் ஊர் சினிமாவில் பாடினார்!

மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அவருக்கும் முன்னோடியாக ஒருவர் உண்டு. யாழ்ப்பாணத்துக்காரரான நித்தி கனகரத்தினம். 'சின்ன மாமியே' பாட்டு அவருடையதுதான். 1960களில், மாணவராக இருந்த காலத்திலேயே கிட்டாருடன் பாடத் தொடங்கியவர். தமிழ் பொப் இசையின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள். பின்னாளில் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். இன்றைக்கும் ஆஸ்திரேலியா, கனடா, லண்டன் என்று எங்கே இலங்கைக்காரர்களின் விருந்து நடந்தாலும், சாப்பாடு முடிந்ததும் இந்தப் பழைய பாட்டுகளுக்குத்தான் முதலில் எழுந்து ஆடுவார்கள்.

1983க்குப் பிறகு, இலங்கையில் நடந்த போரால் வீடு வாசலை விட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்த குடும்பங்களும் ஏராளம். கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. உங்கள் வகுப்பில் அங்கிருந்து வரும் நண்பர்கள் இருந்தால், அவர்களது தாத்தாவிடம் 'சின்ன மாமியே' தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்து, ஒரு பாட்டோடு நிறுத்த மாட்டார்கள்!

ஸ்பானிஷ் பெயர், சிங்களப் பாட்டு

அந்த 1960களில் இலங்கையில் ஒரு வேடிக்கை நடந்தது. தென் அமெரிக்காவில் பராகுவே என்று ஒரு நாடு இருக்கிறதல்லவா? அந்த ஊர் 'லாஸ் பராகுவாயோஸ்' குழுவின் கிட்டார் இசை உலகம் முழுக்கப் புகழ் பெற்றிருந்தது. கொழும்பு இளைஞர்களுக்கு அதன் மேல் ஒரே பைத்தியம். ஆளுக்கொரு குழு ஆரம்பித்து, அதே மாதிரி ஸ்பானிஷ் பெயர் வைத்தனர். நெவில் பெர்னாண்டோவின் குழுவுக்கு 'லாஸ் கபயேரோஸ்' என்று பெயர். 'கனவான்கள்' என்று அர்த்தம். 'லாஸ் முச்சாச்சோஸ்' என்றால் 'பையன்கள்'. நோயல் ரணசிங்க தன் குழுவுக்கு வைத்த பெயர், 'லா சிலோனியன்ஸ்'. பாதி ஸ்பானிஷ், பாதி ஆங்கிலம், பாடுவதோ சிங்களம்!

'லா பாம்பாஸ்' என்றும் ஒரு குழு இருந்தது. 'லா பாம்பா' என்பது மெக்சிகோ நாட்டின் வெராக்ரூஸ் பகுதி நாட்டுப்பாடல். நம் ஊர் நலங்கு மாதிரி, அங்கே கல்யாணங்களில் பாடி ஆடுவது. இதில் ஒரு விளையாட்டு உண்டு. நீளமான ரிப்பன் ஒன்றைத் தரையில் போட்டு, ஜோடியாக ஆடிக் கொண்டே, கால்களாலேயே அதைப் பூ முடிச்சாகப் போட வேண்டும். கையால் தொடக் கூடாது! வீட்டில் முயற்சி செய்து பாருங்கள். அப்போது தெரியும் அதன் கஷ்டம்.

இந்த நாட்டுப்பாட்டை 1958ல் துள்ளல் இசையாக்கி இசைத்தட்டில் பாடியது, 17 வயதுப் பையன். பெயர் ரிச்சி வாலன்ஸ். அமெரிக்காவில், மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவன். வீட்டில் ஆங்கிலம்தான் பேசினார்கள். ஸ்பானிஷ் அவ்வளவாக வராது. எனவே, சொற்களைக் காதால் கேட்டு, அப்படியே மனப்பாடம் செய்து பாடினான். நம் 'மாலு' மாதிரியேதான்! அடுத்த வருடமே, பிப்ரவரி 3ம் தேதி, கச்சேரிக்குப் போகும் வழியில் விமான விபத்தில் அவன் இறந்து போனான். 18 வயது கூட நிரம்பவில்லை.

கிட்டத்தட்ட 30 வருடம் கழித்து, 1987ல் அவனைப் பற்றிய சினிமா வந்தது. அதற்காக லா பாம்பாவை மறுபடி பாடிய குழு, 'லாஸ் லோபோஸ்'. 'ஓநாய்கள்' என்று அர்த்தம்! லாஸ் ஏஞ்சலஸ் நகரில், மெக்சிகோ வம்சாவளி நண்பர்கள் 1970களில் ஆரம்பித்த குழு இது. பள்ளிக்கூட நாட்களில் ராக் இசை வாசித்தவர்கள், பிறகு தாத்தா, பாட்டி காலத்து மெக்சிகோ பாட்டுகளைத் தேடிப் பிடித்துக் கற்றுக் கொண்டனர். கல்யாண வீடுகளிலும், விருந்துகளிலும் அதைத்தான் வாசித்தனர். சொந்த ஊரை விட்டு வந்த பெரியவர்களுக்குப் பழைய ஞாபகம் வந்து விடும். 1987ல் அவர்களது லா பாம்பா, அமெரிக்காவில் முதல் இடத்தைப் பிடித்தது.

பைலா பிறந்த கதை

சரி, மறுபடி இலங்கைக்கு வருவோம். சுராங்கனியைக் கேட்டால் கால் தானாக ஆடுகிறதே, அந்தத் துள்ளல் தாளத்துக்குப் பெயர் 'பைலா'. போர்ச்சுகீசிய மொழியில் 'பைலார்' என்றால் ஆடுவது. அதில் இருந்து வந்த பெயர்.

போர்ச்சுகீசியர் இலங்கைக்கு வந்தது 1505ம் ஆண்டில். 1658ல் யாழ்ப்பாணத்தையும் டச்சுக்காரர்களிடம் இழந்து வெளியேறினர். ஆட்சிதான் போனது; வார்த்தைகள் போகவில்லை. தமிழில் கூட எத்தனை இருக்கிறது தெரியுமா? ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, துவாலை, ஏலம் எல்லாம் போர்ச்சுகீசியச் சொற்கள்தான். மேலே பேருந்து 'ஜன்னல்' என்று நான் எழுதியபோது நீங்கள் சந்தேகப்பட்டீர்களா, என்ன?

போர்ச்சுகீசியர் தனியாக வரவில்லை. ஆப்பிரிக்காவில் இருந்து ஏராளமானோரை அடிமைகளாகவும், படை வீரர்களாகவும் கொண்டு வந்தனர். பிறகு வந்த டச்சுக்காரர்களும் அதையே செய்தனர். ஆங்கிலேயர்களும் சளைத்தவர்களா? 19ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆப்பிரிக்க அடிமைகளை விலைக்கு வாங்கி, இலங்கைப் படையில் சேர்த்தனர். நினைத்துப் பாருங்கள்... வீட்டை விட்டு, நாட்டை விட்டு, ஒரு பெட்டி, படுக்கை கூட இல்லாமல் வந்தவர்கள். கூட எடுத்து வர முடிந்தது, தலைக்குள் இருந்த பாட்டும், காலுக்குள் இருந்த தாளமும் மட்டும்தான்.

அவர்களது தாளமும், போர்ச்சுகீசியரின் பாட்டும், வயலினும் கலந்து 'கஃப்ரிஞ்ஞா' என்ற ஆட்டம் பிறந்தது. ஆப்பிரிக்கர்களைக் குறிக்க அரேபியர் வைத்த பெயரில் இருந்து வந்த சொல் அது. தென் ஆப்பிரிக்காவில் அந்தப் பழைய பெயர் மிக மோசமான வசைச்சொல். ஆகவே, நாம் இந்த மக்களை இலங்கை ஆப்பிரிக்கர் என்றே சொல்வோம்.

20ம் நூற்றாண்டில் வாலி பாஸ்டியன் என்ற போலீஸ்காரர், கஃப்ரிஞ்ஞா தாளத்துக்குச் சிங்களத்தில் பாட்டுக் கட்டினார். அப்புறம்தான் பைலா நாடு முழுக்கப் பரவியது. இலங்கை அணி ஆடும் கிரிக்கெட் மேட்ச்சில், ட்ரம்பெட்டும் டிரம்முமாக மைதானத்தில் ஒரு கூட்டம் வாசித்துக் கொண்டே இருக்குமே... அதற்கு 'பப்பரே' வாத்தியம் என்று பெயர். அதில் பாதி, பைலா மெட்டுதான். அடுத்த முறை டிவியில் ஸ்கோரை மட்டும் பார்க்காமல், காதையும் கொஞ்சம் தீட்டி வையுங்கள்.

பாட்டு மட்டும் மிஞ்சிய ஊர்

இலங்கையின் மேற்குக் கரையில் புத்தளம் என்று ஒரு நகரம். அதன் அருகில் சிறாம்பியடி என்ற சின்ன கிராமம். ஆங்கிலேயர் படையில் இருந்த ஆப்பிரிக்க வீரர்களின் வாரிசுகள், சிறு எண்ணிக்கையில் அங்கே வாழ்கின்றனர். தலைமுறை தலைமுறையாக மற்றவர்களுடன் மணம் செய்து கொண்டதில், தோற்றமும் மாறிக் கொண்டே வருகிறது. பேசுவது சிங்களம். கும்பிடுவது மாதா கோவிலில். முன்னோர் ஆப்பிரிக்காவில் எந்த ஊர், எந்த இனம், என்ன மொழி என்பதெல்லாம் காலப்போக்கில் அழிந்து விட்டது.

ஒன்றே ஒன்று மட்டும் அழியவில்லை. அதற்குப் பெயர் 'மாஞ்சா'. பட்டம் விடும் மாஞ்சா இல்லை, குட்டீஸ்! அவர்களது பாட்டும் ஆட்டமும்.

ஒரு விசேஷம் என்றால் எல்லாரும் வட்டமாக உட்காருவார்கள். மேளத்தோடு, தேங்காய்ச் சிரட்டை இரண்டு, கண்ணாடி பாட்டில், கரண்டி... அவ்வளவுதான் வாத்தியம். மரநாற்காலி கிடைத்தால் அதையும் விடுவதில்லை. முதலில் ஒருவர் மெதுவாகப் பாட ஆரம்பிப்பார். இரண்டு, மூன்று வரிகள்தான். திரும்பத் திரும்ப வரும். கரண்டி பாட்டிலில் தட்டும். சிரட்டை சேர்ந்து கொள்ளும். ஒவ்வொருவராகக் குரல் கொடுப்பார்கள். வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். எப்போது ஏறியது என்று தெரியாது, ஒரு கட்டத்தில் உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்து ஆடி விடுவார்கள். பாட்டிகள்கூடத்தான்!

அந்தப் பாட்டுகள் எந்த மொழி தெரியுமா? ஆப்பிரிக்க மொழி இல்லை, சிங்களமும் இல்லை. இலங்கைப் போர்ச்சுகீசியம்! போர்ச்சுகீசியமும், உள்ளூர் மொழிகளும் கலந்து இலங்கையிலேயே உருவான மொழி அது. அந்தக் காலத்தில் அவர்களது முன்னோர் பேசியது. இன்று அங்கே யாரும் அதை வீட்டில் பேசுவது கிடையாது. பல வரிகளுக்கு அர்த்தம் மறந்து விட்டது. ஆனாலும் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் பாட முயல்கின்றனர். நாம் 'மாலு' என்று பாடினால் அது அடுத்த நாட்டு வார்த்தை. யாரையாவது கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். அவர்கள் பாடுவது சொந்தக் கொள்ளுத்தாத்தாவின் வார்த்தை. யாரைப் போய்க் கேட்பது?

(நம் பக்கத்து மாநிலமான கர்நாடகாவிலும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் இருக்கிறார்கள். உத்தர கன்னட மாவட்டக் காடுகளை ஒட்டி வாழும் சித்தி மக்கள். கன்னடமும், கொங்கணியும் பேசுவார்கள். 'டமாம்' என்ற மேளத்தை முழக்கி ஆடுவது அவர்கள் வழக்கம். அது தனிக்கதை, இன்னொரு வாரம் சொல்கிறேன்.)

தமிழ் பேசும் பறங்கியர்

கேட்பதற்கு ஆள் இருக்கும் ஊரும் ஒன்று உண்டு. கிழக்குக் கரையில் உள்ள மட்டக்களப்பு. 'மீன் பாடும் தேன் நாடு' என்பது அதன் செல்லப் பெயர். நிலா வெளிச்ச இரவில், கல்லடிப் பாலத்தின் அடியில் மீன்கள் பாடும் என்று சொல்வார்கள். மாலுவே பாடுகிறது பாருங்கள்!

இங்கே போர்ச்சுகீசியர் கோட்டை கட்டியது 1628ல். டச்சுக்காரர்களிடம் இழந்தது 1638ல். பத்தே வருடம்! ஆனால், அவர்களது மொழி இன்னும் அங்கே சாகவில்லை. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், உள்ளூர் மக்கள் ஆகியோரின் கலப்பில் வந்தவர்களைப் 'பறங்கியர்' என்பார்கள். மட்டக்களப்புப் பறங்கியர், தலைமுறைகளாகத் தச்சு வேலை, கொல்லுப் பட்டறை, இயந்திரம் பழுது பார்ப்பது என்று கைத்தொழிலில் பேர் வாங்கியவர்கள். கடைத்தெருவில் தமிழ் பேசுவார்கள். உங்களையும் என்னையும் விட நன்றாகவே பேசுவார்கள். வீட்டுக்குள் வயதானவர்கள் மட்டும் இன்னும் இலங்கைப் போர்ச்சுகீசியம் பேசுகின்றனர். பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் புரியும். பேரப்பிள்ளைகளுக்கு அதுவும் குறைவு.

கல்யாண நாளில் கதையே வேறு! வயலின் வரும், கிட்டார் வரும், மேளம் வரும். கஃப்ரிஞ்ஞா ஆட்டம் ஆரம்பமாகும். ஜோடி ஜோடியாக எதிரெதிரே நின்று ஆடுவார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழில் படிக்கிற பிள்ளைகள், அன்றைக்குப் பாட்டியின் மொழியில் பாடுகிற பாட்டுக்கு ஆடுகின்றனர்.

2004 டிசம்பர் 26ம் தேதி சுனாமி வந்தபோது, மட்டக்களப்பில் கடலை ஒட்டிய 'டச்சு பார்' பகுதியில் இருந்த பறங்கியர் குடியிருப்பை அலை அடித்துச் சென்றது. நிறையப் பேர் இறந்து போனார்கள். சின்னக் கூட்டம் அது. ஒரு பெரியவர் போனால், அவருக்கு மட்டுமே தெரிந்த பாட்டும் அவரோடு போய் விடுமே! வேலை தேடியும், போருக்குப் பயந்தும் வெளிநாடு போனவர்கள் வேறு. மிஞ்சியவர்கள் மறுபடி வீடு கட்டினார்கள். மறுபடி வயலினையும் எடுத்தார்கள்.

2010களில், போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொழி அறிஞர் ஹியூகோ கார்டோசோவும், அவரது குழுவினரும் இங்கே வந்தனர். பெரியவர்களின் பேச்சு, கதை, பாட்டு, ஆட்டம் எல்லாவற்றையும் பதிவு செய்து, ஆவணக் காப்பகத்தில் சேர்த்து வைத்தனர். குழுவில் இசையை ஆராய்கிறவரும் உண்டு. 400 வருடத்துக்கு முன் கப்பலில் போன வார்த்தைகள் எப்படி இருக்கின்றன என்று கேட்க, அதே ஊரில் இருந்து ஆட்கள் மைக்கோடு வந்திருக்கிறார்கள்!

சிரட்டை ரெடியா?

நீங்களும் பைலா தாளம் வாசிக்கலாம். ரொம்பச் சுலபம். 'தகிட' என்றால் மூன்று அடி. 'தகிட, தகிட' என்று இரண்டு முறை சேர்ந்தால் ஆறு. அந்த ஆறுதான் பைலாவின் நடை.

நன்றாகக் காய்ந்த தேங்காய்ச் சிரட்டை இரண்டு எடுத்துக் கொள்ளுங்கள். உள்ளே தேங்காய் ஒட்டியிருந்தால் அம்மாவிடம் சொல்லிச் சுத்தமாகச் சுரண்டி விடுங்கள். இல்லாவிட்டால் சத்தம் 'டொப்' என்று அடங்கி விடும். வாயோடு வாய் வைத்துத் தட்ட வேண்டும். ஒவ்வொரு 'த'வுக்கும் ஒரு அழுத்தம். தம்பியிடம் எவர்சில்வர் கரண்டியும், டம்ளரும் கொடுங்கள். ஆறையும் விடாமல் தட்டுவது அவன் வேலை. கண்ணாடி பாட்டில் வேண்டாம், உடைந்து கையைக் கிழிக்கும். தங்கைக்கு மரநாற்காலி. முதலில் மெதுவாக... பிறகு கொஞ்சம் வேகமாக... யாரும் சொல்லாமலே வேகம் ஏறுகிறதா? அப்படியானால் சரியாகத்தான் வாசிக்கிறீர்கள்.

பக்கத்து வீட்டுத் தாத்தா மதியத் தூக்கத்தில் இருந்து எழுந்து வந்தால், திட்டுவதற்குள் சுராங்கனியைப் பாடி விடுங்கள். அநேகமாக, அடுத்த வரியை அவரே எடுத்துக் கொடுப்பார்!